பல் டாக்டர் லாகுமெத் சொன்ன ஆறு அணிகள்

மிராம்பெஸ் ஊர்க்காரர்கள் பல்வலியை நன்றாகப் பொறுத்துக்கொள்வார்கள். கிராம்பைக் கடிப்பார்கள், பிராந்தியில் வாய் கொப்பளிப்பார்கள், வீங்கிய கன்னத்தோடு சந்தைக்குப் போய் முட்டைக்கோசு விலை பேசுவார்கள். வேறு வழியே இல்லை என்று ஆனால்தான் டாக்டர் ஆன்செல்ம் லாகுமெத்தின் நாற்காலியில் போய்ச் சாய்வார்கள். டாக்டரின் கை நல்ல கை. வலி தெரியாமல் பிடுங்குவார். அதில் யாரும் குறை சொன்னதில்லை. சிக்கல் எங்கே என்றால், நோயாளியின் வாயைத் திறக்கச் சொல்லி, பஞ்சைத் திணித்து, எச்சில் உறிஞ்சும் குழாயையும் செருகி, இனி இந்த ஆளால் ஒரு வார்த்தை பேச முடியாது என்று உறுதியானதும் டாக்டர் தன் வாயைத் திறப்பார்.

“இந்த வருஷம் பூய்ரோஷ் கண்டிப்பா பிளே-ஆஃப் போகும். பார்த்துக்கிட்டே இருங்க.”

“ங்ஆ...” என்பார் நோயாளி.

“அதேதான். உங்களுக்கும் அப்படித்தானே தோணுது?”

இப்படியாக அவர் கருத்துக்கு அந்த வட்டாரத்தில் மறுப்பே கிடையாது. நாளெல்லாம் ஆமோதிப்பையே கேட்டுக் கேட்டு, தன்னைவிட ரக்பி தெரிந்தவர் பிரான்சின் தென்மேற்கு மூலையில் எவரும் இல்லை என்ற முடிவுக்கு அவர் எப்போதோ வந்துவிட்டார். இத்தனைக்கும் இளம் வயதில் ஒரே ஒரு பருவம் மிராம்பெஸ் அணியில் மாற்று ஆட்டக்காரராக இருந்து பெஞ்சைத் தேய்த்ததுதான் அவருடைய மொத்த மைதான அனுபவம்.

அந்தப் பக்கத்து லீக்கில் பன்னிரண்டு ஊர் அணிகள். பருவ முடிவில் முதல் ஆறு இடத்தில் நிற்பவை பிளே-ஆஃப் ஆடும். மற்ற ஆறும் வீட்டுக்குப் போய் வாத்து வளர்க்கும். எந்த ஆறு என்பதுதான் செப்டம்பரிலிருந்து ஏப்ரல் வரை கடையில், தேவாலய வாசலில், சவ ஊர்வலத்தில்கூட ஜனங்கள் பேசுகிற பேச்சு. ஊர் நூலகத்து மாடியில் ஆர்வலர்கள் சேர்ந்து நடத்தும் வானொலி ஒன்று உண்டு. மார்ச் மாதம் முதல் வெள்ளிக்கிழமை மாலை அதில் டாக்டர் லாகுமெத் வந்து தன் ஆறு அணிகளை அறிவிப்பார். பகலில் பள்ளிக்கூட பஸ் ஓட்டும் மைத்தே என்ற பெண்மணிதான் நிகழ்ச்சி நடத்துவாள். அவள் கேள்வி கேட்பதற்குள் டாக்டர் பதில் சொல்லி முடித்திருப்பார்.

அவர் சொன்னது பலித்ததா என்று கேட்டால், அதுதான் வேடிக்கை. சாம்பியன் என்று அவர் அடித்துச் சொன்ன வருஷம் பூய்ரோஷ் வரிசையாகத் தோற்று, பயிற்சியாளர் ராஜினாமாக் கடிதத்தைக் கோல் கம்பத்தில் ஒட்டிவிட்டுப் போனார். “சர்கோஸ் அணியின் தற்காப்பு கோட்டைச் சுவர்” என்றார் ஒருமுறை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தச் சுவரில் எதிரணி மாட்டுவண்டி ஓட்டிப் போகாத குறைதான். ஆனால் டாக்டர் அசர மாட்டார். திங்கட்கிழமை காலை முதல் நோயாளி வாயைத் திறந்ததும் காரணம் சொல்லத் தொடங்குவார். மழை, ரெஃப்ரி, முன்வரிசைக்காரன் முழங்கால், அவன் பெண்டாட்டியோடு போட்ட சண்டை. அவர் விளக்கத்தைக் கேட்டு முடித்தால், அந்த அணி தோற்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம் என்று தோன்றும்.

சொந்த ஊரான மிராம்பெஸின் பெயரை மட்டும் அவர் எந்த வருஷமும் சொன்னதில்லை. “என் ஊருங்கறதுக்காக சலுகை காட்ட முடியுமா? நான் நடுநிலையானவன்” என்பார். ஆரம்பத்தில் ஊருக்கு இதில் மனவருத்தம் இருந்தது. பிறகு அது நிம்மதியாக மாறியது. டாக்டர் அந்த நிம்மதியை மரியாதை என்று நினைத்துக்கொண்டார்.

இந்த நிலையில்தான் மிராம்பெஸ் அணிக்கு ஒரு நல்ல வருஷம் வந்தது. கிளப் தலைவர் எக்தோர் கஸோபோன், வாத்துக்கறியை டப்பாவில் அடைக்கும் ஆலையின் முதலாளி. ஜார்ஜியா நாட்டிலிருந்து இரண்டு தடியர்களைக் கொண்டுவந்து பகலில் ஆலையிலும் மாலையில் ஸ்க்ரம் என்ற ரக்பித் தள்ளுமுள்ளிலும் தள்ளவிட்டிருந்தார். அவர்கள் தள்ளிய தள்ளில் பிப்ரவரியில் அணி நான்காம் இடத்தில் நின்றது. இருபது வருஷத்துக்கு மேல் பிளே-ஆஃப் வாசலையே பார்க்காத ஊர். ஜனங்கள் சத்தமாகச் சிரிக்கவும் பயந்து நடமாடினார்கள்.

பிப்ரவரிக் கடைசியில் ரொட்டிக்கடைக்கார அம்மாள் கடைவாய்ப்பல் அடைக்க வந்தாள். பஞ்சு, குழாய் எல்லாம் வைத்தாயிற்று. டாக்டர் குனிந்து அவள் காதருகே சொன்னார்: “ஒரு ரகசியம். இந்த வருஷம் என் ஆறு பேர்ல நம்ம ஊரும் இருக்கு. முதல் பேரே நம்ம ஊருதான்.”

அந்த அம்மாள் பாதி அடைத்த பல்லோடு எழுந்தாள். கழுத்தில் கட்டிய காகிதத் துண்டைக்கூட அவிழ்க்காமல் தெருவில் இறங்கி ஓடினாள். டாக்டரின் உதவியாளர் கிஸ்லேன் கையில் பிடித்த குழாய் காற்றை உறிஞ்சிக்கொண்டு நின்றது.

“ஊருக்கெல்லாம் சொல்ல ஓடுது பாரு, சந்தோஷத்துல” என்றார் டாக்டர்.

“ஆமா டாக்டர், ஊருக்குச் சொல்லத்தான்” என்றாள் கிஸ்லேன். அவள் பக்கத்து ஊரான லாவிணாக்கில் பிறந்தவள். சுருக்கமாகப் பேசுவாள்.

மறுநாள் காலையிலேயே கஸோபோன் வந்து நின்றார். கையில் தொப்பி, முகத்தில் வேர்வை.

“எந்தப் பல்லு?” என்றார் டாக்டர்.

“பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு டாக்டர். சும்மா ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போலாம்னு...”

“நல்லா இருக்கா இல்லையான்னு நான்ல சொல்லணும். படுங்க தலைவரே. வாயைத் திறங்க. அட, கீழ்க்கடைவாய்ல இவ்வளவு பெரிய ஓட்டையை வச்சுக்கிட்டா நடமாடுறீங்க?”

“டாக்டர், வெள்ளிக்கிழமை ரேடியோவுல நம்ம பேரைச் சொல்லப் போறீங்களாமே?”

“சொல்லத்தான் போறேன். இத்தனை வருஷமா உங்களுக்கு அதுதானே குறை?”

“அது வந்து... சொல்ல வேணாமே.”

“என்ன அடக்கம்! அடக்கத்தையெல்லாம் ஜெயிச்ச பிறகு வச்சுக்கலாம். அசையாம இருங்க.” ஊசி இறங்கியது.

நாக்கு மரக்கட்டை ஆவதற்குள் முக்கியமானதைச் சொல்லிவிட வேண்டும் என்று கஸோபோன் அவசரப்பட்டார். பாதி நாக்கு ஏற்கெனவே போய்விட்டது. “நீங்க ஷொன்னா... வெழங்காது டாக்டர்... வெழங்கவே வெழங்காது...”

“விளங்கலையா? அதுக்கென்ன, முதல்லேருந்து சொல்றேன்” என்று டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மிராம்பெஸ் ஏன் ஆறுக்குள் வரும் என்பதை முன்வரிசையில் தொடங்கி, பின்வரிசைக்குப் போய், காற்றடிக்கும் திசை, மைதானத்துப் புல் வரை விளக்கினார். கிளப் தலைவர் கண்ணில் நீர் வழிய வழியக் கேட்டுக்கொண்டு கிடந்தார்.

அன்று மதியம் வீங்கிய கன்னத்தோடு கஸோபோன் தபால் நிலையத்துக்குப் போனார். அங்கே கவுண்டரில் உட்கார்ந்திருப்பவள் டாக்டரின் மனைவி குளோதில்து. ஊரின் கடிதங்களும் ஊரின் பேச்சும் அவள் கை வழியாகத்தான் போகும். இரவுச் சாப்பாட்டில் சூப்பை ஊற்றிவிட்டு அவள் நேராக விஷயத்துக்கு வந்தாள்.

“ஆன்செல்ம், நீ வெள்ளிக்கிழமை நம்ம ஊர் பேரைச் சொல்லாதே.”

“நீயுமா? எதுக்கு எல்லாரும் இப்படிக் கூச்சப்படறீங்க?”

“கூச்சமும் இல்லை, ஒண்ணும் இல்லை. நீ வாய் வச்ச டீம் எதுவாவது உருப்பட்டிருக்கா, சொல்லு.”

டாக்டர் கரண்டியைக் கீழே வைத்தார். “அதுக்கெல்லாம் காரணம் இருந்துச்சு. பூய்ரோஷ்ல அந்த வருஷம் மழை...”

“மழை லாவிணாக்லயும்தான் பெஞ்சுது. லாவிணாக் வருஷா வருஷம் பிளே-ஆஃப் போகுது. நீ ஒரு தடவை அவங்க பேரைச் சொல்லியிருக்கியா? சொல்ல மாட்டே. ஏன்னா கிஸ்லேன் உன்னைச் சொல்ல விடமாட்டா.”

டாக்டருக்கு அப்போதுதான் நினைவு வந்தது. ஒவ்வொரு வருஷமும் பட்டியல் சொல்லிப் பார்க்கும்போது லாவிணாக் பெயரை எடுத்தால், “அவங்க உதைக்கிறவனுக்குக் கால் சரியில்லைன்னு பேசிக்கிறாங்க டாக்டர்” என்று கிஸ்லேன் மெதுவாகச் சொல்வாள். ஏப்ரலில் லாவிணாக் ரசிகர்களிடமிருந்து ஒரு பெட்டி ஆர்மான்யாக் பிராந்தி வரும். அதைத் தன் அறிவுக்குக் கிடைத்த காணிக்கை என்று நம்பி அவர் விருந்தாளிகளுக்கு ஊற்றிக் கொடுத்துப் பெருமை பேசியிருக்கிறார்.

அந்தப் பிராந்திப் பெட்டி எதற்கு என்று மறுநாள் கிஸ்லேனிடம் கேட்டார். அவள் கருவிகளைத் துடைத்துக்கொண்டே, “ஆமா டாக்டர். பேரைச் சொல்லாம இருக்கறதுக்குத்தான். எங்க ஊர்ல உங்க மேல ரொம்ப மரியாதை” என்றாள்.

அன்று டாக்டர் ஒரு பல்லும் பிடுங்கவில்லை. வந்தவர்களுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினார். தனக்கு ரக்பி தெரியாது என்று ஊர் சொல்லியிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார், எதிர்த்து வாதாடியிருப்பார். தன்னை ஓர் அபசகுனமாக, குறுக்கே போகும் கறுப்புப் பூனையாக ஊர் கருதுகிறது என்பதற்கு அவரால் என்ன வாதம் சொல்ல முடியும்?

வியாழக்கிழமை தூதுக்குழு வந்தது. கஸோபோன், ஊர் மேயரம்மா, அணியின் கேப்டன் மூவரும். கஸோபோன் கையில் வாத்துக்கறி டப்பாக்கள் நிறைந்த கூடை. மேயரம்மா பொறியியல் படித்தவர். ஊரில் காற்றாலை கொண்டுவந்தவர். அவர்தான் முதலில் பேசினார்.

“எனக்கு இந்த மூடநம்பிக்கையெல்லாம் கிடையாது டாக்டர். விஞ்ஞானப்படி பார்த்தா நீங்க சொல்றதுக்கும் ஆட்டத்துக்கும் சம்பந்தமே இல்லை.”

“அப்புறம் எதுக்கு வந்தீங்க?”

“எதுக்கு ரிஸ்க்?”

கஸோபோன் கூடையை மேஜைமேல் வைத்தார். “பேரைச் சொல்லாம விட்டாலும் போதாது டாக்டர். தப்பா நினைக்காதீங்க. கொஞ்சம் திட்டினீங்கன்னா நல்லா இருக்கும். நாங்க போகவே மாட்டோம், உருப்பட மாட்டோம், அந்த மாதிரி.”

“என் வாயால என் ஊரைத் திட்டச் சொல்றீங்களா?”

“ஊர் நன்மைக்குத்தானே! கடைசி ஆட்டத்துக்குத் தலைவர் வரிசையில உங்களுக்கு ஒரு நாற்காலி போட்டுடறோம். கிளப் டையும் உண்டு. கௌரவ உறுப்பினர் டை.”

அந்தக் கறுஞ்சிவப்பு டையை டாக்டர் பெஞ்சில் உட்கார்ந்திருந்த காலத்திலிருந்து ஆசைப்பட்டிருக்கிறார். மாற்று ஆட்டக்காரர்களுக்கு அதைத் தரமாட்டார்கள். அவருடைய தன்மானம் அந்த அறையில் சிறிது நேரம் நின்று பார்த்தது. பிறகு டையைக் கண்டதும் வெளியேறிவிட்டது.

வெள்ளிக்கிழமை மாலை ஊரே வானொலியைச் சுற்றி உட்கார்ந்தது. ஓட்டலில் காபி எந்திரத்தைக்கூட நிறுத்திவிட்டார்கள்.

“டாக்டர், இந்த வருஷம்...” என்று மைத்தே ஆரம்பித்தாள்.

“மிராம்பெஸ் போகாது” என்றார் டாக்டர். “அந்த அணிக்கு முதுகெலும்பு கிடையாது. அது ஒரு ஓட்டைப் பல்லு. மேலே பார்க்கப் பளபளப்பு, உள்ளே காற்று. ஏப்ரல் வந்தா ஆடும், விழும்.”

ஓட்டலில் விசில் பறந்தது. ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். கஸோபோன் எல்லாருக்கும் ஒரு சுற்று வாங்கிக் கொடுத்தார்.

அதோடு டாக்டர் நின்றிருக்கலாம். ஆனால் அவருக்குள் ஒரு கோபம் குமைந்துகொண்டிருந்தது. என்னை ராசியில்லாதவன் என்கிறீர்களா? சரி. என் உண்மையான கணிப்பை உங்களுக்கு ஏன் தர வேண்டும்? நிச்சயமாகத் தேறாது என்று மனசார நம்பிய ஆறு அணிகளை ஒவ்வொன்றாக எடுத்து, இவைதான் பிளே-ஆஃப் போகும் என்று அறிவித்தார். அதில் லாவிணாக்கின் பெயரும் இருந்தது. மறுநாள் கிஸ்லேன் வேலைக்குக் கறுப்பு உடையில் வந்தாள்.

ஏப்ரல் வந்தது. கடைசி ஆட்டம் சொந்த மைதானத்தில், அட்டவணையின் அடியில் கிடந்த அணியோடு. நான்காம் இடத்திலிருந்து சறுக்கியிருந்தாலும், ஜெயித்தால் ஆறாம் இடம் உறுதி. தலைவர் வரிசையில் டாக்டர் கறுஞ்சிவப்பு டையோடு உட்கார்ந்திருந்தார். போகிறவர் வருகிறவர் எல்லாம் அவர் தோளைத் தட்டினார்கள். “இன்னும் ஒரு தடவை திட்டிடுங்க டாக்டர்” என்று கெஞ்சினார்கள். அவரும், “தோத்துத்தான் போவானுங்க” என்று சளைக்காமல் சொன்னார். உள்ளுக்குள் மட்டும் தன் ஊர் ஜெயிக்கும் என்று அவர் துளிகூடச் சந்தேகப்படவில்லை.

ஜார்ஜியத் தடியர்கள் இடைவேளை வரை தள்ளினார்கள். அதற்கு மேல் மூச்சு வாங்கி நின்றார்கள். முடிவதற்கு முன்னால் ஒரு பெனால்டி கிடைத்தது. கம்பத்துக்கு நேரெதிரே, விழுந்தால் வெற்றி. பள்ளிப் பையன்கூட உதைத்துவிடுவான். பந்து மேலே எழுந்தது, காற்றில் ஒரு கணம் யோசித்தது, கம்பத்தில் மோதி உள்ளே விழாமல் வெளியே விழுந்தது. மிராம்பெஸ் ஏழாவது இடம்.

 பிறகு ஒரு தலை திரும்பியது. அப்புறம் ஒவ்வொன்றாக எல்லாத் தலைகளும் தலைவர் வரிசைப் பக்கம் திரும்பின.

“நான் என்னய்யா பண்ணேன்? நீங்க சொல்லச் சொன்னதைத்தானே சொன்னேன்!” என்றார் டாக்டர்.

“இத்தனை வருஷம் வாயில வந்ததெல்லாம் பொய்யாப் போச்சு. இந்த ஒரு தடவை மட்டும் பலிக்குதா உனக்கு?” என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். கஸோபோன் எழுந்து வேறு நாற்காலிக்குப் போனார்.

அன்று மாலையே இன்னொரு செய்தி வந்தது. டாக்டர் சொன்ன ஆறு அணிகளும் பிளே-ஆஃப் போய்விட்டன. ஆறும். அந்த வட்டாரத்தில் வேறு எவரும், பத்திரிகைக்காரர்கள் உட்பட, முழுசாகச் சொன்னதில்லை. வட்டாரச் செய்தித்தாளிலிருந்து நிருபர் ஒருவர் போன் செய்தார். குளோதில்து போனை நீட்டிக்கொண்டே சொன்னாள்:

“பேசறதுக்கு முன்னாடி ஒண்ணு நினைச்சுப் பாரு. நீ மனசுக்குள்ள நினைச்ச ஆறும் இந்த வருஷமும் தப்பு. தலைகீழாச் சொன்னதால சரியாப் போச்சு. அவ்வளவுதான்.”

டாக்டர் அதைக் காதில் வாங்கவில்லை. போனில் அவர் குரல் கனத்தது. எப்படி முன்கூட்டியே தெரிந்தது என்று நிருபர் கேட்டார். தெரியாது என்று சொல்ல அந்த நாக்குக்குப் பழக்கமில்லை. மிராம்பெஸின் வீழ்ச்சியை இலையுதிர் காலத்திலேயே கண்டதாகச் சொன்னார். “ஆட்டக்காரனைப் பகல் முழுக்க வாத்து உரிக்க விட்டா, ஸ்க்ரம்ல அவன் யாரை உரிப்பான்?” என்றார். அது அப்படியே தலைப்பாக வந்தது. கூடவே வெள்ளைக் கோட்டில், கைகட்டி நிற்கும் டாக்டரின் படம். வாரம் ஒரு பத்தி எழுதும்படியும் கேட்டிருந்தார்கள்.

செய்தித்தாளைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு கஸோபோன் மருத்துவமனைக்குள் நுழைந்தபோது நாற்காலியில் யாரும் இல்லை. காத்திருக்கும் அறையிலும் இல்லை.

“இலையுதிர் காலத்துலயே தெரியுமா உனக்கு? பிப்ரவரியில என்னை மல்லாக்கப் படுக்க வச்சு நாங்க ஜெயிக்கறோம்னு ஒரு மணி நேரம் கதறுனது யாருய்யா?”

“அது... வேற கோணம்.”

“கோணமா? என் ஆலையைப் பேப்பர்ல இழுத்து விட்டிருக்கே! தொழிற்சங்கக்காரன் காலையிலேருந்து வாசல்ல உட்கார்ந்திருக்கான்!”

“தலைவரே, நீங்கதானே திட்டச் சொன்னீங்க?”

“முன்னாடி திட்டச் சொன்னேன். பின்னாடி யாரு திட்டச் சொன்னா?”

கஸோபோன் போன பிறகு டாக்டர் வாசலில் நின்று பார்த்தார். ரொட்டிக்கடை அம்மாள் பாதி அடைத்த பல்லோடு லாவிணாக் பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தாள். லாவிணாக் பல் டாக்டர் கை முரடர், கட்டணமும் அதிகம். ஆனால் அவர் வேலை செய்யும்போது பேச மாட்டாராம். ஓட்டலில் அவர் வழக்கமாக உட்காரும் இடத்தில் யாரோ ஒரு பூந்தொட்டியை வைத்துவிட்டார்கள்.

வாரங்கள் இப்படிப் போயின. வாய் திறந்து கிடக்க ஆள் இல்லாமல் டாக்டருக்குப் பைத்தியம் பிடிக்கும்போல் ஆகிவிட்டது. கடைசியில் அவர் அதுவரை செய்யாத ஒன்றைச் செய்தார். மைத்தேயிடம் போய் நேரம் கேட்டு, ஒலிவாங்கியின் முன்னால் உண்மையைச் சொன்னார். நேர்மையில் வந்த வேகம் என்று யாரும் தவறாக நினைத்துவிட வேண்டாம். தனிமையில் வந்தது.

“எனக்கு எதுவும் முன்கூட்டியே தெரியாது. மிராம்பெஸ் ஜெயிக்கும்னுதான் நான் மனசார நம்பினேன். மத்த ஆறும் தேறாதுன்னு நினைச்சுத்தான் அவங்க பேரைச் சொன்னேன். எல்லாமே தப்பு. எனக்கு ரக்பி தெரியலை.”

மைத்தே அவசரமாக ஒரு பாட்டைப் போட்டாள்.

அவர் வாழ்க்கையில் பேசிய ஒரே உண்மையை ஊர் ஒரு கணம்கூட நம்பவில்லை. “வாடிக்கை போச்சுன்னதும் எப்படிக் குழையுறான் பாரு” என்றார்கள். “ஆறும் சரியாச் சொன்னவன் எனக்குத் தெரியாதுங்கறான். இதுக்குப் பேருதான் கர்வம்” என்றார் மேயரம்மா. செய்தித்தாள் மட்டும் நம்பிவிட்டது. மறுநாளே பத்தியை நிறுத்திவிட்டார்கள்.

வீட்டில் குளோதில்து அவருக்கு வாத்துக்கறி டப்பா ஒன்றைத் திறந்து சூடுபடுத்திக் கொடுத்தாள். “நல்லாப் பேசினே” என்றாள். அவள் நம்பினாள் என்பது அவருக்கு ஆறுதலாக இருந்தது. தனக்கு ரக்பி தெரியாது என்பதையும் அவள் அவ்வளவு சுலபமாக நம்பியது கொஞ்சம் உறுத்தவும் செய்தது.

புதிய பருவம் தொடங்கியது. டாக்டர் வாயைத் திறக்கவில்லை. நோயாளிகள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள், லாவிணாக்காரரின் முரட்டுக் கையைப் பொறுக்க முடியாமல். டாக்டர் பல்லைப் பார்த்தார், அடைத்தார், கட்டணம் வாங்கினார். அந்த அமைதி நோயாளிகளுக்கே பயமாக இருந்தது.

மிராம்பெஸ் முதல் ஆட்டத்திலேயே தோற்றது. இரண்டாவதிலும். ஜார்ஜியர்களில் ஒருவன் லாவிணாக்குக்குப் போய்விட்டான். முன்பெல்லாம் தோற்றால் ஓட்டலில் ஒரே பேச்சுதான்: இந்தப் பல் டாக்டர் எதையாவது உளறியிருப்பான். இப்போது அவர் ஒன்றும் உளறவில்லை. ஆகவே ஜனங்கள் வேறு காரணம் தேட வேண்டியிருந்தது. தேடத் தேட, பயிற்சியாளர் அகப்பட்டார். பிறகு மேயரம்மா மைதானத்து வெளிச்சத்துக்குப் பணம் ஒதுக்காதது அகப்பட்டது. அதற்கும் பிறகு, எல்லாவற்றுக்கும் நடுவில் வசதியாக நின்றுகொண்டிருந்த கஸோபோன் அகப்பட்டார். ஆலைச் சுவரில் கரியால் எழுதினார்கள். ஜனவரிப் பொதுக்கூட்டத்தில் அவர் பேச எழுந்தபோது பின்வரிசையிலிருந்து வாத்துபோல் கத்தினார்கள்.

பிப்ரவரிக் கடைசியில் கஸோபோன் வந்தார். இந்தத் தடவை சொல்லாமலே நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

“எந்தப் பல்லு?”

“எதையாவது பாருங்க டாக்டர். பார்த்துக்கிட்டே கேளுங்க.” தொப்பியை மடியில் வைத்துக்கொண்டார். “வெள்ளிக்கிழமை ரேடியோவுக்கு வரணும் நீங்க.”

“எனக்குத்தான் தெரியாதுன்னு சொல்லிட்டேனே.”

“உங்களுக்குத் தெரியணும்னு யாரு கேட்டா? எப்பவும்போல வந்து நாலு வார்த்தை தப்பாச் சொல்லிட்டுப் போங்க. எங்க பேரைச் சொல்லுங்க. சாம்பியன்னே சொல்லுங்க. எங்க டீம் இந்த வருஷம் தேறாது டாக்டர், அது எனக்கே தெரியும். தோக்கும்போது திட்டறதுக்கு ஊருக்கு ஒரு ஆள் வேணும். அது நானா இருக்க முடியாது. எனக்குத் தொழில் இருக்கு.”

“எனக்கும்தான் தொழில் இருக்கு.”

“உங்களைத் திட்டிட்டும் வருவாங்க. பல்லு வலிச்சா என்ன பண்ணுவாங்க?”

டாக்டர் போய்க் கை கழுவினார். கிஸ்லேன் குழாயைப் பிடித்துக்கொண்டு, “எங்க ஊரைச் சேர்க்க மாட்டீங்கதானே டாக்டர்?” என்று மட்டும் கேட்டாள்.

வெள்ளிக்கிழமை அவர் நூலக மாடியேறினார். “வணக்கம் டாக்டர்” என்று மைத்தே சொல்லி முடிப்பதற்குள், “மிராம்பெஸ்! ஆறுக்குள்ள வர்றது என்ன, கோப்பையே இங்கேதான் வரப்போகுது” என்றார். ஓட்டலில் ஒரு பெருமூச்சு எழுந்தது. காபி எந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியது. “ஆரம்பிச்சுட்டான்யா” என்றார் யாரோ, ஏறக்குறைய அன்போடு. பூந்தொட்டியை எடுத்து ஜன்னலோரம் வைத்தார்கள்.

மிராம்பெஸ் அந்த வருஷம் ஒன்பதாவதாக முடிந்தது. கடைசி ஆட்டத்தில் மழை கொட்டியது. ஜனங்கள் குடையை விரித்துக்கொண்டு, டாக்டரின் நாக்கையும் அவர் படித்த கல்லூரியையும் உரக்கத் திட்டியபடி, வெகு நாட்களுக்குப் பிறகு மனநிறைவோடு வீட்டுக்கு நடந்தார்கள். எல்லாரையும்விடச் சத்தமாகத் திட்டிக்கொண்டு போனவர் கஸோபோன்.

டாக்டர் மட்டும் பலகை இருக்கையில் நனைந்தபடி உட்கார்ந்திருந்தார். அழைத்துப் போக வந்த குளோதில்து குடையை அவர் தலைக்கு மேல் நீட்டினாள்.

“என்ன இது? அவங்க கேட்டதுக்காகத்தானே சொன்னே?”

“நம்ம டீமோட பத்தாம் நம்பர், அந்த உதைக்கிற பையனை நீ பார்க்கலை” என்றார் அவர், சேற்றையே பார்த்துக்கொண்டு. “பிப்ரவரியில என்னமா உதைச்சான் தெரியுமா? நான் நிஜமாவே நம்பினேன், குளோதில்து.”